ஒரு கிலோ இரும்பும் ஒரு முழம் பிச்சியும்

முப்பத்தோரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்த எனக்குப் பன்னிரண்டு வரை போக முடியவில்லை. எட்டோடு நின்றுவிட்டது. ஒன்பதாவது தடவை டம்பெல்லைத் தொடையருகிலிருந்து தோளுக்குக் கொண்டுபோகும் வழியில் வலது கை பாதியில் நின்று ஆட ஆரம்பித்தது. ஒரு கிலோதான். ரோஸ் கலரில் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். பக்கத்தில் நின்ற மருந்துக்கடைக்காரர் மனைவி கைக்கொரு மூன்று கிலோவை வைத்துக்கொண்டு, மதியத்துக்குப் புளிக்குழம்பா ரசமா என்று இன்னொருத்தியிடம் யோசனை கேட்டுக்கொண்டே தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள்.

செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நேராக நிற்க வேண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளங்கை முன்னால் பார்த்தபடி இருக்க, முழங்கைக்குக் கீழே உள்ள கை மட்டும் மடங்கி மேலே வர வேண்டும். வந்ததைத் தொப்பென்று போடாமல் நிதானமாக இறக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு மேல்கை பலப்படுவதற்கு முதல் பாடம் இதுதானாம். முதல் பாடத்திலேயே நான் தோற்றேன். கண்ணாடியில் வேறு அது தெரிந்தது.

போன கார்த்திகையில் வீட்டு முற்றத்தில் தண்ணீர் சிந்திக் கிடந்தது தெரியாமல் வழுக்கி விழுந்ததில் வலது மேல்கை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கையைக் கழுத்தில் தொட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். பிரித்துப் பார்த்தால் கை முருங்கைக்காய் மாதிரி ஆகியிருந்தது. எலும்பு கூடிவிட்டது, இனி சதைக்குத்தான் வேலை கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். கை காது வரைக்கும் வரும், அதற்கு மேல் போகாது. தலை சீவ முடியாது, பின்ன முடியாது, பூ வைக்க முடியாது. எல்லாவற்றையும் என் வீட்டுக்காரர்தான் செய்தார். அவர் பின்னிய சடையைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி, “யாரு டீச்சர், ஒங்களுக்குக் கயிறு திரிச்சு விட்டது?” என்று கேட்டாள். ஹேர்பின்னைப் பூவில் குத்துவதற்குப் பதில் மண்டையில் குத்துவார். இந்த அவமானத்துக்குப் பயந்துதான் ராஜபாளையம் ரோட்டில் ஒரு கடையின் மாடியிலிருந்த ஜிம்மில், பகல் பத்தரை மணிக்குப் பெண்களுக்கென்று இருக்கிற வகுப்பில் சேர்ந்தேன். வேறு ஒரு அவமானம் அங்கே காத்திருந்தது என்று யார் கண்டது?

“போதும் டீச்சர். கீழ வையுங்க. மெதுவா. கால்ல போட்டுராதீங்க.”

சொன்னவள் அங்கே பயிற்சி கொடுக்கிற பெண். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். டீ-சர்ட்டுக்குள் தாலியைப் போட்டு மறைத்திருந்தாள். நான் டீச்சர் என்று உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

“ஒங்ககிட்ட ஏழாங்கிளாஸ் படிச்சேன் டீச்சர். என்னத் தெரியலையா?”

ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கென்று ஒரு சிரிப்பு இருக்கிறது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் எந்தப் பிள்ளை என்று தெரியாதபோது சிரிப்பது. அதைச் சிரித்து, “அப்படியா, நல்லாருக்கியாம்மா?” என்றேன். குனிந்து டம்பெல்லை வைக்கும்போது அவள் பாதம் கண்ணில் பட்டது. அங்கே எல்லோரும் செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் நிற்போம். அவள் இடதுகால் பெருவிரல் நகம் நடுவில் பிளந்து, இரண்டு துண்டாக வளர்ந்திருந்தது.

முகம் மறந்துபோனவளுக்கு நகம் மறக்கவில்லை.

அது ஒரு ஆடி மாதம். கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறி இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். அந்த நாட்களில் எங்கள் ஊரில் ஆடிச்சுற்று உண்டு. ஐம்பத்தொன்று, நூற்றியெட்டு என்று நேர்ந்துகொண்டு கோவிலைச் சுற்றி வருவார்கள். அம்பாள் ஒற்றைக்காலில் தபசு நிற்கிறாளே, அவள் கால்வலியில் கொஞ்சத்தை நாம் வாங்கிக்கொள்கிறோம் என்று நம்பிக்கை. நானும் அந்த வருஷம் ஐம்பத்தொன்று சுற்றியிருந்தேன். கெண்டைக்கால் இரண்டும் கட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தேதான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் மீதியைச் சொல்லிப் பிரயோஜனமில்லை.

அந்தப் பிள்ளையைப் போர்டுக்குக் கூப்பிட்டேன். வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். நேராக நில் என்றேன்.

“கால் வலிக்கு டீச்சர். நேத்து அம்மா கூட ஆடிச்சுத்து போனேன். நூத்தியெட்டு.”

நான் ஐம்பத்தொன்றுக்கே உட்கார்ந்துவிட்டேன். இந்தச் சுண்டைக்காய் நூற்றியெட்டு சுற்றியதா என்று ஒரு எரிச்சல் வந்தது. அது எரிச்சல்தான், வேறு பெயர் கொடுக்க இப்போது எனக்கு வாய் வரவில்லை.

“நூத்தியெட்டா? எண்ணுனது யாரு?”

“அம்மா புளியங்கொட்ட வச்சு எண்ணுனா டீச்சர்.”

வகுப்பு சிரித்தது. பிள்ளைகள் சிரித்துவிட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். “பன்னெண்டாம் வாய்ப்பாடு வரல, நூத்தியெட்டு மட்டும் வந்துட்டோ?” என்றேன். இன்னும் சிரித்தார்கள். “சரி, கால்தான வலிக்கு? கை வலிக்கலல்லா?” என்றேன்.

அலமாரியில் நிறுத்தல் அளவை சொல்லிக்கொடுக்கிற தராசும் இரும்பு எடைக்கற்களும் இருந்தன. இரண்டு ஒரு கிலோக் கல்லை எடுத்துக் கைக்கு ஒன்றாகக் கொடுத்து, இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டச் சொன்னேன். வகுப்பு முழுக்க நூற்றியெட்டு எண்ணி முடிக்கும்வரை அப்படியே நிற்க வேண்டும். பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டு எண்ணினார்கள். நாற்பதைத் தாண்டியதும் அவள் முழங்கை மடங்கியது. “நீட்டு” என்றேன். நான் உட்கார்ந்தபடியே சொன்னேன். அறுபத்தொன்றில் இடது கை தொய்ந்து இறங்கி, கல் நழுவி அவள் இடதுகால் பெருவிரலில் விழுந்தது. அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள். எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைகள் நிறுத்தினார்கள். “ஒழுங்காப் பிடிக்க மாட்டியா?” என்று நான் கேட்டேன். ஆயாம்மா அவளைக் கூட்டிக்கொண்டு போய் டிங்சர் போட்டுக் கட்டிவிட்டாள். நான் பின்னக் கூட்டல் நடத்தினேன்.

பிரம்பைத் தொடாத டீச்சர் என்று எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் பெயர் இருந்தது. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று மற்றவர்கள் சொல்லும்போதெல்லாம், நான் பிள்ளைகள் மேல் கை வைப்பதில்லை என்று பெருமையாகச் சொல்வேன். சொன்னது பொய்யில்லை. கை வைத்ததேயில்லை.

மறுநாள் அவள் அம்மா வந்தார். கோவில் வாசலில் பூக்கட்டி விற்கிறவர். செருப்பை வராந்தாவில் கழற்றிவிட்டு வகுப்பு வாசலோடு நின்றார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் தயாராக இருந்தேன். “பிள்ள எதுத்துப் பேசிட்டாளாம், மனசுல வச்சுக்கிடாதீய டீச்சர். அவ நல்லதுக்குத்தான செஞ்சிருப்பீய” என்று சொல்லி, வாழையிலைப் பொதியைப் பிரித்து ஒரு முழம் பிச்சிப்பூவை நீட்டினார். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அங்கேயே வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தேன்.

அந்தப் பூவைப் பற்றி நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! அந்தக் காலத்துப் பெற்றோர் எப்படி இருந்தார்கள் பாருங்கள், பிள்ளையைக் கண்டித்ததற்குப் பூ கொண்டுவந்து கொடுத்தார்கள், இந்தக் காலத்தில் போனைத் தூக்கிக்கொண்டு புகார் கொடுக்க ஓடுகிறார்கள் என்று ஆசிரியர் அறையில் சொல்லியிருக்கிறேன். ஓய்வு பெற்ற அன்று மேடையிலும் சொன்னேன். கைதட்டினார்கள். எடைக்கல்லை மட்டும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பரிமாறியிருக்கிறேன், கேட்டவர்களுக்கு மட்டுமல்ல, எனக்கும் சேர்த்து.

இப்போது அந்தப் பிள்ளைதான் என் முழங்கையைப் பிடித்து விலாவோடு ஒட்டி வைக்கிறாள்.

முதல் நாளே நின்றுவிட நினைத்தேன். முன்பணம் கட்டியாகிவிட்டதே என்றார் என் வீட்டுக்காரர். அவரிடமும் நான் விஷயத்தைச் சொல்லவில்லை. பூக்கதையை என்னைவிட அவர்தான் ஊரெல்லாம் சொன்னவர்.

போகப் போக ஒன்று கவனித்தேன். அவள் வாய்விட்டு எண்ணவே மாட்டாள். ஒவ்வொருத்திக்கும் பக்கத்தில் நிற்பாள், கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வருவாள். பன்னிரண்டு கணு முடிந்ததும் “போதும்” என்பாள். எங்களையும் சத்தமாக எண்ண விடமாட்டாள்.

மருந்துக்கடைக்காரர் மனைவிக்கு இது குறை. “ஏட்டி, மத்த ஜிம்முலலாம் ஒன், டூன்னு கத்தி எண்ணுதாங்க. கேக்கவே ஒரு வேகம் வருது. நீ என்ன ஊமை மாதிரி?”

“எனக்கு எண்ணுனா ஆகாதுக்கா” என்று அவள் சிரித்தாள். என் பக்கம் திரும்பவில்லை. நான் டம்பெல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்னொரு நாள் அதே அம்மாள், “டீச்சர் கிளாஸ்ல நல்லா வெளுப்பாங்களோ?” என்று கேட்டு வைத்தாள். நான் அசட்டுச் சிரிப்பு சிரிக்கத் தயாரானேன்.

“இல்லக்கா. டீச்சர் யாரையும் அடிச்சதே இல்ல” என்றாள் அவள்.

அதில் குத்தல் இருந்ததா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தேடிப் பார்த்தேன். குரலில் ஒன்றும் இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாள், அவ்வளவுதான். குத்தல் இருந்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம். அதற்கு வழியில்லாமல் போனதால் மூன்று நாள் கை வலி என்று சொல்லி வீட்டில் இருந்துகொண்டேன். மூன்றாம் நாள் தலை சீவும்போது வீட்டுக்காரர், “என்ன, சரியாப்போச்சா?” என்று கேட்டார். எது என்று அவரிடம் கேட்க முடியுமா?

நான்காம் நாள் அரைமணி நேரம் முன்னதாகப் போனேன். அவள் தனியாக ரப்பர் விரிப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த தெருவிலிருந்து தறிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. வீட்டில் பாடம் பண்ணிக்கொண்டு வந்ததை ஒப்பித்தேன்.

“அன்னைக்கு அந்த எடைக்கல்ல ஒங்கையில குடுத்தேன்லாம்மா, அது பெரிய தப்பு. இருபது வருஷமா எனக்கு மனச அறுத்துக்கிட்டே இருக்கு.”

இருபது வருஷமில்லை. அவள் கால்விரலைப் பார்த்த நாளிலிருந்துதான். மன்னிப்புக் கேட்கிற வாக்கியத்திலும் ஒரு பொய்யைச் சேர்த்துக்கொண்டேன்.

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. “அது கெடக்கட்டும் டீச்சர். அந்த நகம் ஒரு மாசம் வலிச்சு, பெறகு விட்டுட்டு. எண்ணுத சத்தம் கேட்டாத்தான் இப்பவும் கையெல்லாம் கடுக்கும், அதுவும் பழகிட்டு.” துணியை வாளியில் முக்கிப் பிழிந்தாள். “எங்கம்மா பூ கொண்டாந்தால்லா, அதான் டீச்சர் எனக்கு ஆறல. எதுத்துப் பேசிட்டேன்னு நான் அம்மாகிட்ட சொல்லவே இல்ல. கூடப் படிச்ச பிள்ளைங்கதான் அப்படிப் போய்ச் சொல்லியிருக்காங்க. அம்மா செருப்பக் கழத்திட்டு வாசல்ல குனிஞ்சு நின்னா. உள்ள வாங்கன்னு நீங்க சொல்லல. பூவ வாங்கி வச்சுக்கிட்டு போர்டப் பாத்துத் திரும்பிட்டீங்க. நான் மொத பெஞ்சு. பீரியடு முடியுத வரைக்கும் அந்தப் பூவத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அதுக்குப் பெறகு நான் தலையில பிச்சி வச்சதே இல்ல.”

நான் உட்கார்ந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க வந்தவள், செய்த தப்பு எது என்றே தெரியாமல் வேறு ஒரு தப்புக்குக் கேட்டிருக்கிறேன். எதை என் வாழ்க்கையின் நல்ல கதை என்று மேடையில் சொன்னேனோ, அதுதான் அந்தத் தப்பு.

“எந்திரிங்க டீச்சர்” என்று அவள் ஒரு கிலோவை நீட்டினாள். “மூணு நாள் விட்டா மறுபடி கட்டிக்கிடும்.” அன்றைக்குப் பன்னிரண்டும் தூக்கினேன். எப்படித் தூக்கினேன் என்று தெரியாது.

கிளம்பும்போது, அம்மா இருக்கிறார்களா என்று கேட்டேன். “இருக்கா. முட்டு வலி, வெளிய போறதில்ல. வீட்ல இருந்தே கட்டிக் குடுக்கா.” பார்க்க வரலாமா என்றேன். “ஞாயித்துக்கெழம வாங்க. நான் இருக்கும்போது வாங்க” என்றாள். அம்மாவை என்னிடம் தனியாக விட அவளுக்கு மனமில்லை என்று புரிந்தது. நியாயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு போனேன். கோவிலுக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் வீடு. இந்தத் தடவை வாசலில் செருப்பைக் கழற்றியது நான். அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார். வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். “டீச்சரா! ஏட்டி, டீச்சருக்குச் சேர எடுத்துப் போடு. ஏம் டீச்சர், சொல்லி விட்டா நானே வந்திருப்பம்லா?”

நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தேன். வந்த விஷயத்தைச் சொன்னேன். எடைக்கல், பூ, அவரை வாசலிலேயே நிற்க வைத்தது, ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவர் முகத்தில் சங்கடம்தான் ஏறியது.

“அதப் போயி இப்பம் பேசுதியளே. தப்பு எம்மேலதான டீச்சர். சின்னப் பிள்ளைய நூத்தியெட்டு சுத்தவா கூட்டிட்டுப் போவாக? இவளுக்குக் கணக்கு ஏறலன்னு நீங்கதான் சொல்லி விட்டிய. அம்பாள் கண்ணத் தெறக்கட்டும்னு நேந்துக்கிட்டேன். பிள்ள பாவம், ஒரு சுத்து கூடக் கொறைக்கல. நீங்க மன்னிச்சுக்கிடணும்.”

என்னிடம் இரண்டாவது தடவையாக மன்னிப்புக் கேட்டுவிட்டார். என் கணக்குப் பாடத்துக்காகத்தான் அந்தப் பிள்ளை சுற்றியிருக்கிறாள். அழுதிருந்தால் அந்த அம்மாள் என்னைத் தேற்றவும் ஆரம்பித்திருப்பார் என்பதால் அழாமல் இருந்தேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் செய்த மரியாதை.

எழுந்திருக்கும்போது அவர் தாம்பாளத்திலிருந்த சரத்தை முழங்கையில் வைத்து அளந்து, ஒரு முழம் வெட்டி என் கையில் வைத்தார். பிச்சிதான். “வச்சுக்கிட்டுப் போங்க டீச்சர்.” புருஷன் இருக்கிற கட்டுகழுத்தி தனக்குக் கொடுத்த பூவை வேண்டாம் என்று சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. பூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“ஏட்டி, டீச்சருக்குக் கை ஒடிஞ்சிருந்துன்னு சொன்னியே. நீ வச்சு விடேன்.”

அவள் வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். நகரவில்லை.

“அவுங்களே வைக்கட்டும்மா” என்றாள். “கைய இப்பம் தூக்குவாங்க.”

சடையிலிருந்த ஹேர்பின்னை எடுத்துப் பூவோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வலது கையைத் தூக்கினேன். காது வரைக்கும் வந்தது. அதற்கு மேல் இழுத்துக்கொண்டு போனேன். மேல்கை ஆட ஆரம்பித்தது. விரல் சடையைத் தொட்டது, ஹேர்பின் உள்ளே போகவில்லை. அந்த அம்மாள் பதறிப்போய், “ஏட்டி!” என்று மகளைப் பார்த்தார். கையை இறக்கி ஒரு மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தூக்கியிருக்கலாம். யாரும் என்னைத் தடுக்கவில்லை. நிலையில் சாய்ந்தபடி அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது. எந்த எண்ணில் போதும் என்பாள் என்று எனக்குத் தெரியாது. நான் கையை இறக்கவில்லை.